மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆசனம் எப்படி விழுகிறது?

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி அள்ளிக்கொண்டு போகும்போது மட்டக்களப்பு மட்டும் ஏன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை முதலிடத்தில் வைத்தது? 2015இல் பாதிக்கு மேல் வாக்கு எடுத்த தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம், 2024இல் மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடுத்த அதே கட்சிக்கும் மூன்று ஆசனம், இது என்ன கணக்கு? 2020இல் அம்பாறைத் தமிழர் வாக்கில் ஒருவர்கூடத் தெரிவாகாமல் போனது யாரால்?

இரண்டாவது கேள்வியைத் தீர்த்துக்கொண்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு கட்சி எத்தனை வாக்கு எடுத்தது என்பதைவிட, எதிரே நின்றவர்கள் எத்தனை பட்டியலாகப் பிரிந்து நின்றார்கள் என்பதுதான் ஆசனத்தைத் தீர்மானிக்கிறது. முடிவு வந்த மறுநாள் தேநீர்க் கடையில் 'சனம் இப்படி நினைத்தது, அப்படி நினைத்தது' என்று பேசுகிறோமே, அதில் பாதி சனத்தின் நினைப்பே இல்லை, வகுத்தல் கணக்கின் விளைவு.

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்கு 5 ஆசனம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தொகுதிகள் இருந்தாலும் தொகுதிக்கென்று எம்.பி. கிடையாது, மாவட்டம் முழுவதும் ஒரே பாத்திரம். முதலில், மாவட்டத்தில் ஆகக்கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா கொடுபடும். போனஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். அடுத்து, செல்லுபடியான வாக்கில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் கணக்கிலிருந்து வெளியே. மிஞ்சிய கட்சிகளின் வாக்குகளைக் கூட்டி, மிஞ்சிய 4 ஆசனத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை வரும். அந்த விலை ஒரு கட்சியின் வாக்குக்குள் எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை ஆசனம். முழு விலை கொடுக்க எல்லாரிடமும் வாக்கு இருக்காது. ஆகவே பங்கிடாமல் நிற்கும் ஆசனங்களை, மிகுதி வாக்கு யாரிடம் அதிகம் என்று பார்த்து வரிசையாகக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துச் சண்டை முழுவதும் இந்த மிகுதியில்தான் நடக்கிறது.

2010ஐ எடுத்துப் பாருங்கள். வீடு 66,235, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலை 62,009, ஐக்கிய தேசிய முன்னணியின் யானை 22,935, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகு 16,886. வீட்டுக்கும் வெற்றிலைக்கும் இடையில் வெறும் 4,226 வாக்கு. ஆசனம்? வீட்டுக்கு 3, வெற்றிலைக்கு 1, யானைக்கு 1. நான்கு கட்சிகளின் கூட்டுத்தொகை 168,065, நான்கால் வகுத்தால் சுமார் 42,016. வீட்டுக்குப் போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, மிகுதி 24 ஆயிரத்துச் சொச்சம். வெற்றிலைக்கு முழு விலைக்கு ஒன்று, மிகுதி 20 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. யானையிடம் ஒரு விலைக்கும் போதாது, ஆனால் 22,935 முழுவதும் மிகுதிதான். மீதி இரண்டு ஆசனம் வீட்டுக்கும் யானைக்கும் போய்விட்டது. வீட்டின் வாக்கில் மூன்றில் ஒரு பங்களவு எடுத்த யானைக்கும் ஓர் ஆசனம், வீட்டை எட்டிப்பிடித்த வெற்றிலைக்கும் ஓர் ஆசனம். இதை அநியாயம் என்று யாரும் சொல்லலாம், சட்டம் அப்படித்தான்.

இனி வீட்டின் கணக்கை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 2004இல் 161,011 வாக்கு, 66.7 வீதம், 4 ஆசனம். 2010இல் 36.7 வீதம், 3 ஆசனம். 2015இல் 127,185 வாக்கு, 53.2 வீதம், அதே 3 ஆசனம். 2020இல் 79,460 வாக்கு, 26.7 வீதம், 2 ஆசனம். 2024இல் 96,975 வாக்கு, 33.8 வீதம், மறுபடியும் 3. மூன்று ஆசனம் என்பது 53 வீதத்திலும் வருகிறது, 34 வீதத்திலும் வருகிறது. 2015இல் எதிரே நின்றவர்களில் மூன்று கட்சிகள் தலைக்கு முப்பது, நாற்பதாயிரம் என்று வைத்திருந்தன. வீடு போனஸோடு முழு விலைக்கு இரண்டு வாங்கியபின் மிகுதி 12 ஆயிரத்துக்கு மேல் இல்லை. ஆகவே நாலாவது ஆசனம் வாய்க்கவில்லை. 2024இல் வாக்கு குறைவு, ஆனால் மிகுதி பெரிது. அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

2015ஐ விட்டு நகருமுன் ஒரு விஷயம். அந்தத் தேர்தலில் ஐந்தாவது ஆசனம் யானையில் நின்ற ஐக்கிய தேசிய முன்னணிக்குப் போனது. யானை 32,359, வெற்றிலை 32,232. வித்தியாசம் 127 வாக்கு. ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாண வீட்டுக்கு வரும் ஆட்களைவிடக் குறைவு. அந்த 127இல் யார் வென்றார், யார் தோற்றார் என்று பார்த்தால் மாவட்டத்தின் முஸ்லிம் அரசியல் முழுவதும் விளங்கும்.

மாவட்டத்தில் முஸ்லிம்கள் கால்வாசி. 2012 சனத்தொகைக் கணக்கில் சுமார் 25 வீதம், தமிழர் 72 வீதத்துக்குச் சற்று மேல். அந்தக் கால்வாசி பெரும்பாலும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடியும் அதை ஒட்டிய ஊர்களும் என்று மூன்று இடங்களில் திரண்டிருக்கிறது. மூன்றுக்கும் தங்கள் ஊர் எம்.பி. வேண்டும். காத்தான்குடிக்கு ஹிஸ்புல்லாஹ், ஓட்டமாவடிக்கு அமீர் அலி, ஏறாவூருக்கு ஒரு காலம் பஷீர் சேகுதாவூத், பிறகு அலி ஸாஹிர் மௌலானா, நஸீர் அஹமட். இவர்கள் ஒரே பட்டியலில் நின்றால், கட்சிக்குள் வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்கில் ஒருவரை ஒருவர் வெட்டவேண்டி வரும், ஆகவே ஆளுக்கொரு சின்னம். 2015இல் முஸ்லிம் காங்கிரஸின் மரத்தில் ஏறாவூர் வந்தது, யானையில் ஓட்டமாவடி வந்தது, வெற்றிலையில் நின்ற காத்தான்குடி 127 வாக்கில் வெளியே போய், நாடளாவிய வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் தேசியப் பட்டியல் ஆசனத்தால் உள்ளே வந்தது. பக்கக் குறிப்பு: அதே வெற்றிலைப் பட்டியலில் அன்று நின்று தோற்றவர்களில் இளம் வேட்பாளர் ஒருவர் இராசமாணிக்கம் சாணக்கியன். தமிழரசுக் கட்சியின் பழைய தலைவர், பட்டிருப்பு எம்.பி. சி. மூ. இராசமாணிக்கத்தின் பேரன், வெற்றிலையில்!

ஊருக்கொரு எம்.பி. கணக்கு 2015இல் ஓரளவு பலித்தது. 2020இல் பலிக்கவில்லை. மரம் 34,428, ஹிஸ்புல்லாஹ்வின் தனி அணி 31 ஆயிரம் அளவில், அமீர் அலி நின்ற, சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி 28 ஆயிரம் அளவில். மூன்றையும் கூட்டினால் 93 ஆயிரத்துக்கு மேல். அன்று மாவட்டத்தில் முதலிடம் பிடித்த வீட்டின் 79,460ஐ விட அது அதிகம். ஒரே பட்டியலாக இருந்திருந்தால் போனஸ் ஆசனமே அவர்களுக்குப் போயிருக்கும், வீடு ஒன்றோடு நின்றிருக்கும். நடந்தது என்ன? மூன்று அணிக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆசனம், நஸீர் அஹமட்டுக்கு. (அதையும், கட்சி அவரை விலக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் தீர்ப்புச் சொன்னதும் அவர் இழந்தார், அலி ஸாஹிர் மௌலானா வந்தார்.) இந்தப் பட்டியல்களில் தமிழ் வேட்பாளர்களும் இருந்தார்கள், தமிழ் வாக்கும் கொஞ்சம் விழுந்தது. ஆகவே அப்படியே கூட்டிவிட முடியாது என்பது சரி. ஆனாலும் பிரிந்தால் என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

2020இல் தமிழ்ப் பக்கமும் ஒன்றாக இல்லை. படகு 67,692 வாக்கு எடுத்து வீட்டுக்கு அடுத்து நின்றது. பொதுஜன பெரமுனவின் மொட்டு 33,424. 2015இல் வீட்டில் தெரிவாகி, 2018 அரசியல் குழப்பத்தில் மஹிந்த பக்கம் தாவிய வியாழேந்திரன் மொட்டில் வென்றார். படகில் சிவநேசதுரை சந்திரகாந்தன், அதாவது பிள்ளையான், விளக்கமறியலில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்கு எடுத்தார். மாவட்டத்தில் அதுதான் ஆகக்கூடியது. படகுக்கு வாக்குப் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் அவருடைய இலக்கத்துக்கும் புள்ளடி போட்டிருக்கிறார்கள். கட்சிக்கு விழுந்த வாக்கு என்பதைவிட ஆளுக்கு விழுந்த வாக்கு என்றுதான் அதைச் சொல்லவேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி.யாக இருந்த ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்கில் உள்ளே இருந்தவருக்கு இவ்வளவு வாக்கா என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆச்சரியப்பட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. 2015இல் வந்த மைத்திரி-ரணில் நல்லாட்சி அரசை நாலரை வருடம் தாங்கிப் பிடித்த, வீட்டில் கேட்ட கூட்டமைப்பு எங்களுக்கு என்ன கொண்டுவந்தது என்ற கேள்வி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாய்விட்டே கேட்கப்பட்டது. பிள்ளையான் கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்தபோது போட்ட வீதியைக் காட்டி வாக்குக் கேட்டார்கள். வடக்குத் தலைமை எங்களை இரண்டாம் படியில் வைத்திருக்கிறது என்ற பழைய மனக்குறையும் சேர்ந்துகொண்டது. இன்னொரு பக்கம், பிள்ளையான் கட்சியின் ஆயுதக் காலத்தை மறக்காத குடும்பங்களும் அதே ஊர்களில்தான் இருக்கின்றன. இரண்டும் உண்மை.

இங்கேதான் என் சொந்தக் கருத்து ஒன்று. மட்டக்களப்புத் தமிழ் வாக்கில் ஒரு பங்கு எப்போதும் ஆட்சியில் இருப்பவரோடு நிற்கும். தொழில், வீதி, குளம், வீட்டுத்திட்டம் என்று அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பங்கு 2010இல் வெற்றிலையில் கொஞ்சம், படகில் கொஞ்சம் இருந்தது. 2020இல் படகும் மொட்டும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2024இல் மொட்டு காணாமல் போய், படகு 31,286க்கு இறங்கி, திசைகாட்டி 55,498 எடுத்தது. படகையும் திசைகாட்டியையும் கூட்டிப் பாருங்கள், 86 ஆயிரத்துக்கு மேல். திசைகாட்டியில் முஸ்லிம் வாக்கும் இருக்கிறது என்பதைக் கழித்துக்கொண்டாலும், அந்தப் பங்கு எங்கும் போய்விடவில்லை, சின்னத்தைத்தான் மாற்றியிருக்கிறது. 2024 முடிவைத் 'தமிழ்த் தேசியத்தின் மீளெழுச்சி' என்று எழுதியவர்கள் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் முதல் கேள்வி. மட்டக்களப்பு மட்டும் ஏன் தனித்து நின்றது?

2024 நவம்பர் 14இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் முதலிடம். யாழ்ப்பாணத்திலேயே 80,830 வாக்கோடு முதலாவதாக வந்து 6இல் 3 ஆசனம் எடுத்தது, அங்கே வீட்டுக்கு 63,327 வாக்கு, ஓர் ஆசனம். வன்னி, திருகோணமலை, அம்பாறை எல்லாம் திசைகாட்டி. மட்டக்களப்பில் மட்டும் வீடு 96,975, திசைகாட்டி 55,498, மரம் 40,139.

முதல் காரணம், இங்கே திசைகாட்டி தொடங்கிய இடமே தாழ்வு. அதே வருடம் செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பில் சஜித் 139,110, ரணில் 91,132, அநுர 38,832. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் எங்கள் மாவட்டத்து முன்னாள் எம்.பி., அவருக்கும் 36,905தான். அநுர ஜனாதிபதியான அலையில் இரண்டே மாதத்துக்குள் திசைகாட்டி சுமார் 17 ஆயிரம் வாக்குக் கூட்டியது. அது சிறிய பாய்ச்சல் இல்லை, ஆனால் முதலிடத்துக்குப் போதாது.

இரண்டாவது காரணம், யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசிய வாக்கு வீடு, சைக்கிள், சங்கு, மான் என்று சிதறியது, ஊசிச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழுவும் 27 ஆயிரத்துக்கு மேல் எடுத்து ஓர் ஆசனத்தோடு போனது. மட்டக்களப்பிலும் சங்கு நின்றது, கூட்டமைப்பு உடைந்தபின் வீட்டிலிருந்து வெளியேறிய கோவிந்தன் கருணாகரம் (ஜனா) அதில்தான் கேட்டார். ஆனால் வாக்கு வீட்டைவிட்டு அவரோடு போகவில்லை. இங்கே தமிழ்ப் போட்டி வீட்டுக்கும் படகுக்கும் இடையிலானது, மூன்றாவது இடத்துக்கு இடமில்லை.

மூன்றாவது, சாணக்கியன். 65,458 விருப்பு வாக்கு. வீட்டுக்குப் போட்ட மூவரில் இருவர் அவருடைய இலக்கத்துக்கும் புள்ளடி போட்டிருக்கிறார்கள். அதே பட்டியலில் அடுத்து வந்த ஞானமுத்து சிறிநேசன் 22,773, வைத்தியர் இளையதம்பி சிறிநாத் 21,202. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் இப்படி ஒரு பள்ளம் 2015இல் இல்லை. அன்று சிறிநேசன் 48,221, வியாழேந்திரன் 39,321, யோகேஸ்வரன் 34,039 என்று படிப்படியாக இறங்கியது. கட்சி வாக்கு என்று அன்று இருந்தது இன்று ஆள் வாக்காக மாறிக்கொண்டு வருகிறது, வீட்டிலும் படகிலும் ஒரே மாதிரி. கட்சிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள விரும்புவதில்லை. மரத்தில் ஹிஸ்புல்லாஹ் எடுத்தது 32,410, கட்சி எடுத்தது 40,139. அங்கேயும் அதே கதை.

இந்த விருப்பு வாக்கைப் பற்றி ஒரு சிறு விளக்கம், முதல் தடவை வாக்களிக்கும் பிள்ளைகள் தடுமாறும் இடம் என்பதால். வாக்குச்சீட்டில் மேலே கட்சிப் பெயர்களும் சின்னங்களும் வரிசையாக நிற்கும், கீழே வேட்பாளர் இலக்கங்கள். பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். மட்டக்களப்பில் 5 ஆசனத்துக்கு ஒரு பட்டியலில் 8 பேர், அம்பாறையில் 7 ஆசனத்துக்கு 10 பேர். முதலில் ஒரு சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பிறகு அந்தக் கட்சிக்காரர் மூன்று பேர் வரை இலக்கங்களுக்குப் புள்ளடி. இலக்கத்தை மட்டும் குறித்துச் சின்னத்தை விட்டுவிட்டால் அந்த வாக்குக் குப்பை. இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் அதே கதி. 'இவரும் வேணும், அவரும் வேணும்' என்று வீட்டுக்கும் மரத்துக்கும் சேர்த்துப் போட்ட நல்ல மனிதர்களை எண்ணும் மேசையில் யாரும் காப்பாற்ற முடியாது.

இனி 2024இன் மூன்றாவது ஆசனம், மேலே பாக்கி வைத்தது. 5 வீதத்தைத் தாண்டியவை வீடு, திசைகாட்டி, மரம், படகு, தொலைபேசி. தொலைபேசி 22,570. ஐந்தையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 61,600. வீட்டுக்குப் போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, மிகுதி 35 ஆயிரத்துச் சொச்சம். மற்ற யாரிடமும் முழு விலை இல்லை. ஆகவே மூன்று ஆசனம் மிகுதிக்குப் போகிறது: திசைகாட்டியின் 55,498க்கு ஒன்று, மரத்தின் 40,139க்கு ஒன்று, மூன்றாவது வீட்டின் 35 ஆயிரத்துக்கும் படகின் 31,286க்கும் இடையில். வீடு வென்றது. சிறிநாத் பாராளுமன்றம் போனதும் பிள்ளையான் போகாததும் இந்த நாலாயிரம் வாக்கு இடைவெளியில்தான். படகுக்காரர் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் முடிவு 2-1-1-1 என்று வந்திருக்கும், 'மட்டக்களப்பு வீட்டின் கோட்டை' என்ற தலைப்பை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அம்பாறைக்கு வருவோம். தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல, 7 ஆசனம், அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று நான்கு தொகுதிகள். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த பகுதி இது. கல்லோயாக் குடியேற்றம் வந்து மேற்கே சிங்களக் கிராமங்கள் பெருகின. 2012 கணக்கில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. ஏழில் ஒரு பங்கு என்பது 14 வீதம். அதாவது தமிழர் அத்தனை பேரும் ஒரே சின்னத்துக்குப் போட்டால் ஓர் ஆசனம் நிச்சயம். இரண்டு சின்னத்துக்குப் போட்டால் ஒன்றும் இல்லாமல் போகக்கூடும். இந்த எல்லையில்தான் அம்பாறைத் தமிழர் ஒவ்வொரு தேர்தலிலும் நிற்கிறார்கள்.

2010இல் வீடு அங்கே 26,895 வாக்கு மட்டுமே எடுத்தது, ஆனால் ஓர் ஆசனம் கிடைத்தது. ஏனென்றால் எதிரே வெற்றிலை, யானை என்று இரண்டே இரண்டு பெரிய பட்டியல். அவை முழு விலைக்கு ஆசனம் வாங்கியபின் இரண்டிடமும் மிகுதி தலா ஏழாயிரம் அளவில்தான். வீட்டின் 26,895 அப்படியே மிகுதியாக நின்று ஆசனத்தை எடுத்தது. (தெரிவான பியசேன சில மாதத்திலேயே அரசு பக்கம் தாவினார், அது வேறு வயிற்றெரிச்சல்.) 2015இல் 45,421 வாக்கோடு கோடீஸ்வரன் வந்தார், அதில் சிக்கல் இல்லை.

2020இல் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா கப்பல் சின்னத்தோடு அம்பாறைக்கு வந்தார். அதற்கு முதல் வருடம் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தது, கொழும்பிலிருந்து வாக்குறுதி வந்தது, தரமுயரவில்லை. அரசைத் தாங்கி நின்ற கூட்டமைப்பால் ஒரு பிரதேச செயலகத்தைக்கூட வாங்கித்தர முடியவில்லையே என்ற கோபம் கல்முனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணைப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. கருணா அந்தக் கோபத்தைத்தான் பிடித்தார். முடிவு: கப்பல் 29,379, வீடு 25,220. மொட்டு 126,012, 3 ஆசனம். தொலைபேசி 102,274, 2 ஆசனம், இரண்டும் முஸ்லிம் காங்கிரஸ்காரருக்கு, ஹரீஸும் பைசல் காசிமும். அகில இலங்கை மக்கள் காங்கிரஸின் மயில் 43,319, ஓர் ஆசனம், முஷாரப். தேசிய காங்கிரஸின் குதிரை 38,911, ஓர் ஆசனம், அதாஉல்லா. கப்பலுக்கும் வீட்டுக்கும் பூச்சியம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு கட்சியும் சேர்த்து 365,115, ஆறால் வகுத்தால் சுமார் 60,850. மொட்டுக்குப் போனஸ் ஒன்று, முழு விலைக்கு இரண்டு. தொலைபேசிக்கு முழு விலைக்கு ஒன்று, மிகுதி 41 ஆயிரத்துச் சொச்சம். மீதி மூன்று ஆசனம் மயிலின் 43 ஆயிரத்துக்கும், தொலைபேசியின் 41 ஆயிரத்துக்கும், குதிரையின் 39 ஆயிரத்துக்கும் போனது. கப்பலும் வீடும் ஒன்றாக இருந்திருந்தால் 54,599. மிகுதி வரிசையில் முதலாவது. குதிரைதான் வெளியே போயிருக்கும்.

அப்படியானால் யாரால் போனது? வீட்டுக்காரர் கருணா என்பார்கள். கருணாவின் ஆட்கள், அதிகம் எடுத்தது நாங்கள், பிரித்தது வீடு என்பார்கள். கணக்கு இருவருக்கும் சார்பாகப் பேசாது. 2010இல் 26,895 போதுமாக இருந்த இடத்தில் 2020இல் 29,379 போதவில்லை என்றால், மாறியது தமிழ்ப் பக்கம் மட்டும் இல்லை. முஸ்லிம் வாக்கு தொலைபேசி, மயில், குதிரை என்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நாற்பதாயிரத்தை ஒட்டிய மிகுதியோடு வந்து நின்றது. மட்டக்களப்பில் அதே பிரிவு அவர்களைக் கெடுத்தது, அம்பாறையில் அவர்களுக்கு நான்கு ஆசனத்தைக் கொடுத்தது. துண்டு எவ்வளவு பெரியது என்பதுதான் வித்தியாசம். பிரியாதே என்று பொதுவாகப் புத்தி சொல்வதைவிட, எவ்வளவு சிறிய துண்டாகப் பிரிந்தால் தப்பாது என்று கணக்குப் பார்ப்பது பயன். தமிழ்ப் பக்கத்துக்குக் கடைசியில் கூட்டமைப்பு தன் தேசியப் பட்டியலில் தவராசா கலையரசனை அனுப்பியது. அந்த ஆசனத்துக்காகக் கட்சிக்குள் நடந்த இழுபறியை இங்கே கிளறவில்லை.

2024இல் அம்பாறையில் திசைகாட்டி 146,313 எடுத்து 4 ஆசனம். வீட்டுக்கு ஒன்று, கோடீஸ்வரன் திரும்ப வந்தார். மரத்துக்கு ஒன்று, உதுமாலெப்பை. மயிலுக்கு ஒன்று, தாஹிர். குதிரை வெளியே. நாற்பது வீதத்துக்கு மேல் முஸ்லிம்கள் வாழும் மாவட்டத்தில் முஸ்லிம் கட்சிகளுக்கு இரண்டு ஆசனம்தான் என்பதை கல்முனையில் இன்னும் பேசுகிறார்கள். கரையோரத்தில் திசைகாட்டிக்கு விழுந்த வாக்கும் பெரிய பட்டியலோடு சேர்ந்து போனஸுக்கும் முழு விலைக்கும் பயன்பட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த 5 வீத வெட்டுப்புள்ளி முதலில் இருந்ததல்ல. 1978 அரசியலமைப்பில் எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை வீதம் எடுக்காத கட்சி வெளியே. 1988இல் பதினைந்தாவது திருத்தம்தான் அதை 5 ஆக இறக்கியது. பிரேமதாசவோடு பேசி அதைச் செய்வித்தவர் முஸ்லிம் காங்கிரஸ் நிறுவனர் அஷ்ரப் என்றுதான் கிழக்கில் சொல்வார்கள். பழைய விதி இருந்திருந்தால் 2024 மட்டக்களப்பில் படகு கணக்குக்குள்ளேயே வந்திருக்காது. 2020 அம்பாறையில் மயில், குதிரை, கப்பல், வீடு நான்குமே 12 வீதத்துக்குக் கீழ். ஏழு ஆசனத்தையும் மொட்டும் தொலைபேசியும் பங்கு போட்டிருக்கும். சிறு கட்சிகள் பெருகியதற்கு அந்தத் திருத்தத்தைக் குறை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

அடுத்த தேர்தல் இரவில் நீங்களே கணக்குப் போட விரும்பினால், தபால் வாக்கை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், அது அரச ஊழியர் வாக்கு. பட்டிருப்பு முடிவு வந்ததும் வீடு தூக்கலாகத் தெரியும், ஏனென்றால் களுவாஞ்சிகுடி, வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை எல்லாம் அதற்குள்தான், கிட்டத்தட்ட முழுவதும் தமிழ் வாக்கு. படகும் அங்கே எவ்வளவு எடுத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் வாகரையும் கலந்த கல்குடா, காத்தான்குடியைக் கொண்ட மட்டக்களப்பு இரண்டும் வந்தபிறகு, 5 வீதத்தைத் தாண்டிய கட்சிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி நான்கால் வகுங்கள். அம்பாறை என்றால் ஆறால். மிகுதி வரிசையில் கடைசி இரண்டு பெயருக்கு இடையில் ஐயாயிரத்துக்குக் குறைவான வாக்கு நின்றால், மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து இறுதி முடிவு வரும்வரை யாருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள்.